ரோசனாவரின் விறகுக் கால்வாயை மேல்நிலைப் புவியியலில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
மேல்நிலைப் பள்ளிப் புவியியல் ஆசிரியர்கள் மற்றும் நில அளவைப் பயிற்றுநர்கள்

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்,
சென்னை.

பொருள்: பதினொன்றாம் வகுப்புப் புவியியலில் ஷ்வார்சன்பெர்க் கால்வாய் குறித்த பாடம் சேர்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மழைநீரை இரு ஆற்றுப் பக்கமாகப் பிரித்தனுப்பும் மேடான நீர்ப்பிரிமேட்டைப் பற்றிப் பாடம் நடத்தும்போது முல்லைப் பெரியாறு நமக்குக் கைகொடுக்கிறது. மேற்கே ஓடிய நீர் 1895இல் சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியது. மலையைக் குடையாமலும் மேட்டைத் தாண்டலாம் என்பதற்கு யோசெப் ரோசனாவர் (1735–1804) விறகு மிதக்கவிட வெட்டிய ஷ்வார்சன்பெர்க் கால்வாய் சரியான சான்று.

இவர் இன்றைய செக் நாட்டில் உள்ள தெற்கு போஹீமியாவில் ஷ்வார்சன்பெர்க் பிரபுக் குடும்பத்தின் காடுகளைக் கவனித்த பொறியாளர். ஷுமாவா மலைக்காட்டில் மரம் ஏராளம். வியன்னாவிலோ விறகுக்குத் தட்டுப்பாடு. மலையில் பிறக்கும் வல்தவா ஆறு வடக்கே போய் எல்பே ஆற்றில் கலந்து வடகடலைச் சேர்கிறது. வழியில் பாறை நிறைந்த பாய்ச்சல்கள் வேறு. வியன்னா இருப்பதோ கருங்கடலுக்குப் போகும் டான்யூப் கரையில். ஆக, விறகை மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். மேட்டில் தாழ்ந்த இடமொன்றைப் பிடித்து, மலைச்சரிவை ஒட்டியே, மெல்லிய இறக்கத்தில் கால்வாயை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். 1789இல் வேலை தொடங்கியது. 1791இல் முதல் விறகு மிதந்தது. 1793க்குள் ஏறத்தாழ 40 கி.மீ. ஆயிற்று. கால்வாயிலிருந்து குரோசே மூல் ஆறு, அதிலிருந்து டான்யூப், பிறகு படகில் வியன்னா. யெலெனி ஊரில் உள்ள 419 மீட்டர் சுரங்கம் அவர் இறந்த பிறகு, 1820களில் நடந்த நீட்டிப்பில் வந்தது. மாணவர்கள் இதை அவர் கணக்கில் எழுதிவிடாதபடி பாடத்தில் பிரித்துக் காட்ட வேண்டும்.

இறக்கம்தான் பாடத்தின் உயிர். கூடினால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் கட்டை நின்றுவிடும், மணல் படியும். சரிவில் இறங்கும் ஓடைகளைக் கால்வாய் குறுக்கே வாங்கிக்கொள்கிறது. நீருக்கு அதுவே வழி, ஆபத்துக்கும் அதுவே வழி: மழை வலுத்தால் பள்ளத்துப் பக்கக் கரை உடையும். அதனால் கருங்கல் கட்டிய கரை. மிகுநீரை இறக்கிவிட, நம் ஏரிக் கலிங்கு போல, இடையிடையே மதகுகள். நீர் போதாத நேரத்துக்கு மேலே பிளெஷ்னே ஏரியில் தேக்கிய தண்ணீர்.

குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டியில் கட்டைகளை இறக்கிக் கரையோரம் அடுக்குவார்கள். பனி உருகும் வசந்தத்தில் மிதக்கவிடுவார்கள். கட்டை சுமார் ஒரு மீட்டர் நீளம்தான். நீளமானது வளைவில் திரும்பாது. அப்படியும் பாலத்தடியில் ஒரு கட்டை குறுக்கே விழுந்தால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறி அணையாகிவிடும். தண்ணீர் கரைமேல் வழியும். கரை நெடுக இரும்புக் கொக்கி மாட்டிய கழியோடு ஆள் நின்றது இதற்காகத்தான். 1791 முதல் 1891 வரை இவ்வழியே போன விறகு சுமார் 80 லட்சம் கன மீட்டர்.

இவரே 1799–1801இல் வெட்டிய வ்கினிட்சே–டெடோவ் கால்வாயையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தரலாம். பாறாங்கல் நிறைந்த விட்ரா ஆற்றை ஒதுக்கி, விறகைப் பிராகா நகர்ப் பக்கம் அனுப்பியது அது.

வாழ்க்கைக் குறிப்பு அரைப் பக்கம் போதும். மீதி இடத்தில் கால்வாயின் குறுக்குவெட்டுப் படம், வடகடல்–கருங்கடல் வடிநிலங்களைக் காட்டும் வரைபடம், சமஉயரக் கோட்டு வரைபடத்துடன் ஒரு செய்முறை ஆகியவை வேண்டும். செய்முறையில் மேட்டின் தாழ்ந்த இடத்தை மாணவரே தேடி, ஏறாத ஒரு கோட்டைப் பென்சிலால் இழுத்துச் சேர்க்கட்டும். தமிழில் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை வகுத்துத் தந்தால் வினாத்தாளிலும் குழப்பம் வராது.

அடுத்த பாடநூல் திருத்தத்தின்போது இதைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பாட வரைவும் படங்களும் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்