கருமருந்து ரைபிள்களும் ஆயிரம் கஜத் தளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருமருந்து, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய வெடிமருந்து, இட்டுச் சுடும் பழங்கால ரைபிள்களைக் கொண்டு வெளிநாடுகளில் நடத்தப்படும் நெடுந்தூரக் குறிசுடும் போட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டமைக்கு நன்றி. ஆனால் அதிலுள்ள இரண்டு கருத்துகளை மறுக்க வேண்டியிருக்கிறது. பழைய துப்பாக்கியில் குறி தப்பாமல் சுடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டமே என்று ஓரிடத்தில் கூறும் கட்டுரையாளர், இறுதியில், சென்னைப் புறநகரில் ஆயிரம் கஜத் துப்பாக்கி சுடும் தளம் ஒன்றை அரசு அமைத்துத் தர வேண்டும் என்கிறார். முதற்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்தத் துப்பாக்கிகள் உண்மையில் எவ்வளவு தூரம் சுடக்கூடியவை என்று தெரிந்தவர்கள் இரண்டாவது கோரிக்கையை எழுப்பத் தயங்குவார்கள்.

அதிர்ஷ்டம் என்ற எண்ணம் மஸ்கட் துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம். அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. உருண்டைக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்ததால், இருபுறமும் மோதிக்கொண்டே வெளிவந்து, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ப விலகிச் சென்றது. நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவரைக் குறிவைத்து அதில் சுடுவதில் பயனில்லை என்பது உண்மைதான். ரைபிள் அப்படிப்பட்டதன்று. குழலின் உட்சுவரில் திருகாக வெட்டப்பட்ட பள்ளங்கள் குண்டைத் தன் அச்சில் சுழலச் செய்கின்றன. அந்தச் சுழற்சியே நீண்ட வடிவக் குண்டை முனை முன்னோக்கியபடி நேராகப் பறக்க வைக்கிறது. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளில், அதாவது 1857 கிளர்ச்சியைப் பற்றிய பள்ளிப் பாடத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவோடு நாம் படித்த அதே துப்பாக்கியில், .577 அங்குலக் குழலுக்குள் மூன்று பள்ளங்கள் இருந்தன. பள்ளத்தின் திருகு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் நீளமோ 39 அங்குலம். ஆகவே குண்டு வெளியேறும் முன் சரியாக அரைச் சுற்றுச் சுற்றியது.

அது போதாது என்று கண்டவர் மான்செஸ்டரின் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். பாலிடெக்னிக் பணிமனையில் பல ஆண்டுகள் கடைசல் வேலை கற்பித்த எனக்கு இவர்மேல் தனி மதிப்பு உண்டு. கிண்டியிலும் அம்பத்தூரிலும் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் ‘விட்வொர்த் மரை’ என்று சொல்கிறார்களே, 55 பாகைக் கோணத்தில் அந்த மரையை 1841-இல் வரையறுத்தவர் இவர்தான். அவர் செய்த ரைபிளின் குழல் அறுகோண வடிவமானது, விட்டம் .451 அங்குலம், திருகு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1857-இல் என்ஃபீல்டோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் இரண்டு அடிக்கு மேல் இருக்க, விட்வொர்த்தின் விலகல் அரை அடியைக்கூட எட்டவில்லை. விலை அதிகம், சிறிய குழலில் கரி விரைவில் அடைத்துக்கொள்கிறது என்ற காரணங்களால் பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. ஆனால் குறிசுடும் போட்டியாளர்கள் அதை விடவில்லை. 1860 ஜூலை 2 அன்று, லண்டனை அடுத்த விம்பிள்டனில் பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் நடத்திய முதல் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தபோது, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பட்டது. அரசியின் கைத்திறனுக்கு அதில் வேலையில்லை. துப்பாக்கியின் தரத்துக்கு அதைவிடச் சான்று தேவையுமில்லை.

மனிதத் திறனுக்குச் சான்று வேண்டுமென்றால் 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் மோதிய போட்டியைப் பார்க்கலாம். அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம் என மூன்று தூரங்கள். அமெரிக்கர்கள் குழலின் பின்புறம் தோட்டா இடும் புதிய ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்களைக் கொண்டுவந்தனர். அயர்லாந்துக்காரர்கள் டப்ளின் ரிக்பி நிறுவனத்தின், குழலின் முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரைபிள்களோடு வந்தனர். 934-க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் மிகச் சரியாக மையத்தில் சுட்ட குண்டு ஒன்று பக்கத்து இலக்கில் பட்டுவிட்டதால், கிடைக்க வேண்டிய நான்கு புள்ளிகள் கணக்கில் வரவில்லை. தோல்வியின் இடைவெளி மூன்று புள்ளிகள்! பழைய துப்பாக்கி அங்கே தோற்றதாக நான் ஒப்பமாட்டேன்.

இந்தத் தூரத்தில் சுடுவதற்கு என்ன கணக்குப் போட வேண்டும் என்பதைக் கட்டுரை தொடாமல் விட்டது பெரிய குறை. கருமருந்தின் உந்துதல் மெதுவானது. விட்வொர்த் வகைக் குண்டின் எடை ஏறத்தாழ 34 கிராம். குழலை விட்டு விநாடிக்கு 1,300 அடி அளவிலான வேகத்தில் கிளம்பும் அது ஆயிரம் கஜத்தை எட்டுவதற்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடுவதால், குழலை மேல்நோக்கிச் சாய்த்தே சுட வேண்டும். நடுவழியில் குண்டு பார்வைக் கோட்டுக்கு மேலே நான்கு மாடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கும். மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதைப் பத்து அடிக்கு மேல் தள்ளிவிடும். அதனால்தான் இப்போட்டியாளர்கள் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குவரை திருத்தக்கூடிய வெர்னியர் குறிபார்ப்பானைப் பயன்படுத்துகிறார்கள். துப்பாக்கி பக்கவாட்டில் சாயாதிருக்க முன்முனையில் ரசமட்டம் வைத்துக்கொள்கிறார்கள். கிரீட்மூர் காலத்துச் சிலர் மல்லாந்து படுத்து, குழலைத் தம் கால்களின்மேல் தாங்கிச் சுட்டார்கள். நம் என்.சி.சி. மாணவர்கள் அப்படிப் படுத்தால் பயிற்சி அதிகாரி என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன். கொடியைப் பார்த்து, இலக்குக்கு முன் அசையும் வெப்ப அலைகளைப் பார்த்து, காற்று ஒரே நிலையில் இருக்கும் சில விநாடிகளுக்காகக் காத்திருந்து சுடுவதில் அதிர்ஷ்டத்துக்கு எங்கே இடம்?

இனி, தளம் பற்றிய கோரிக்கைக்கு வருகிறேன். ஆயிரம் கஜத்தில் இலக்கைத் தொடும் குண்டு ஆயிரம் கஜத்தோடு நின்றுவிடுவதில்லை. 1879-இல் அமெரிக்காவின் சேண்டி ஹூக் கடற்கரையில் ராணுவம் நடத்திய சோதனைகளில், .45 அங்குலக் கருமருந்து ரைபிளின் குண்டுகள் 2,500 கஜத்திலும் மரப்பலகைகளைத் துளைத்தன. ஒரு போட்டியாளரின் குழல் சற்றே உயர்ந்து, குண்டு இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைத் தாண்டிவிட்டால், அது எங்கே போய் விழும் என்பதைக் கணக்கிட்டு, அவ்வளவு நிலத்தையும் ஆளில்லாமல் வைத்திருக்க வேண்டும். விம்பிள்டன் போட்டிகளுக்கே என்ன ஆயிற்று? லண்டன் வளர்ந்து வீடுகள் நெருங்கி வந்தபின், 1890-இல் முழுப் போட்டியும் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தளத்திலிருந்து வெகுதொலைவில் வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து, சில நாட்களில் உயிரிழந்தான். பயிற்சி பெற்ற படையினர் பயன்படுத்தும் தளத்தின் அருகிலேயே அது நடந்தது. வண்டலூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்ட நிலையில், ஒரு சிலரின் பொழுதுபோக்குக்காகச் சில கிலோமீட்டர் நிலத்தை மூடச் சொல்வது நியாயமாகப்படவில்லை. இந்த விளையாட்டை நேசிப்பவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன்: ஒரே ஒரு விபத்து நேர்ந்தால், அதன்பின் இங்கே எவரும் கருமருந்து என்ற சொல்லையே எடுக்க முடியாது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட வழி ஒன்று இருக்கிறது. 1971-இல் அமைக்கப்பட்ட, வாய்வழித் துப்பாக்கிச் சங்கங்களின் பன்னாட்டுக் குழு நடத்தும் உலகப் போட்டிகளில், ரைபிள் பிரிவுகள் பெரும்பாலும் 50 மீட்டரிலும் 100 மீட்டரிலுமே நடக்கின்றன. விட்வொர்த்தின் பெயரிலேயே 100 மீட்டர் பிரிவு ஒன்று உண்டு. அசல் துப்பாக்கிகளுக்கும் இன்று செய்யப்படும் அவற்றின் நகல்களுக்கும் தனித்தனிப் பரிசு. முப்பது நிமிடத்தில் 13 முறை சுடலாம். சிறந்த பத்து மட்டும் கணக்கில் சேரும். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் ஜப்பானின் திரித் துப்பாக்கிக்கு ‘தனேகாஷிமா’ என்ற பெயரில் 50 மீட்டர் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் பாளையக்காரர் காலத்தில் புழங்கிய திரித் துப்பாக்கியை அந்த வரிசையில் நிறுத்த நம்மவர் எவரும் முயலவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மண்மேடும் பக்கச் சுவர்களும் கொண்ட, முறையாகப் பராமரிக்கப்படும் 100 மீட்டர் தளம் இதற்குப் போதும். வெடிமருந்து உள்ள போட்டியை அங்கே அனுமதிப்பதா என்பதைக் காவல் துறைதான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய விகிதம் பலருக்கும் தெரிந்திருப்பதால், பட்டாசு மருந்தையே துப்பாக்கியில் இடலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். கூடவே கூடாது. துப்பாக்கிக்கான கருமருந்து அழுத்தி உடைத்து, சலித்து, மணி அளவு பார்த்துத் தரம் பிரிக்கப்படுவது; மணியின் அளவு மாறினால் எரியும் வேகமும் குழலுக்குள் அழுத்தமும் மாறும். அலுமினியத் தூள் கலந்த பட்டாசு மருந்து குழலையே பிளந்துவிடும். இன்றைய புகையில்லா மருந்தைப் பழைய குழலில் இட்டாலும் அதே கதிதான். பன்னாட்டுப் போட்டிகளில் மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்ட அனுமதியில்லை. ஒவ்வொரு முறைக்கும் அளந்த மருந்தைத் தனித்தனிச் சிறு குழாய்களில் கொண்டுவர வேண்டும். குழலுக்குள் எங்காவது கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி, கையிலுள்ள முழுக் குப்பியையும் பற்ற வைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த விதி.

சென்னைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாக எஞ்சுகிறது. வறண்ட ஊர்களில் அது ஓடாக இறுகிவிடுவதால், சுடுபவர்கள் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதி ஈரமாக்குகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கழிவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாத குழல் விரைவில் துருப்பிடித்துப் பள்ளங்களை இழந்துவிடும். போட்டி நேரத்தையும் கடற்காற்று கிளம்புவதற்கு முந்திய காலைப் பொழுதாக வைத்துக்கொள்வது புதியவர்களுக்கு நல்லது.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆயுதச் சட்டம், 1959-இன் 45ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது என்பது உண்மையே. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ளவற்றுக்கே அது பொருந்தும். சுடக்கூடிய பழைய ரைபிள், எத்தனை வயதானதாக இருந்தாலும், உரிமம் தேவைப்படும் ஆயுதமே. உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளில் என்ஃபீல்டு, ஸ்னைடர், மார்ட்டினி-ஹென்றி போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ரைபிள்கள் இருந்தால், உருக்குலைக்கும் முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வல்லுநர் ஒருவர் பார்வையிட ஏற்பாடு செய்யலாம். தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் அங்கே ஏற்கெனவே பாதுகாக்கப்படுகின்றன.

ஆகவே, தங்கள் நாளிதழ் இது குறித்து மேலும் எழுதுமானால், ஆயிரம் கஜத் தளத்தைக் கோருவதற்கு மாறாக, 100 மீட்டரில் ஒரு சோதனைப் போட்டியை நடத்த என்னென்ன உரிமங்கள் தேவை, கருமருந்தை யார் பொறுப்பில் எங்கே இருப்பு வைப்பது என்ற இரு கேள்விகளுக்கு மாநகரக் காவல் துறையிடமிருந்தும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையிடமிருந்தும் பதில் பெற்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
அசோக் நகர், சென்னை.