புளியங்கொட்டைக்கு இருப்புப் பதிவேடு வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு ஆய்வுக்குப் போகும் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போன வருடம் மே மாதத்தோடு என் சர்வீஸ் முடிந்தது. கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருந்தவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டும் ஒரே தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் பிரித்தார்கள். அஞ்செட்டிப் பக்கம் மலையில் இருந்த நான், இருந்த இடத்திலேயே கிருஷ்ணகிரிக்காரன் ஆனேன். அப்புறம் மாறுதல் வாங்கிப் பென்னாகரம், கடைசியில் பாலக்கோடு பக்கம். இனி 17 பி மெமோ (ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ்) வராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறான் என்று பழைய சகாக்கள் கேலி செய்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

விஷயம் ஒரு பெட்டியைப் பற்றியது. ஓய்வுபெறும் நாளில் பொறுப்பை ஒப்படைக்க பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் கணித உபகரணப் பெட்டி. உள்ளே இடமதிப்புக் கட்டைகள், மணிச்சட்டம், பின்ன வட்டுகள், நிறநிறமான வில்லைகள். கட்டைகளைச் சுற்றியிருந்த பாலிதீன் உறை பிரிக்கப்படவே இல்லை. பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையும் பெட்டியில் இருந்த எண்ணிக்கையும் அச்சாகப் பொருந்தின. புதிதாகப் பொறுப்பேற்றவர் “ரொம்ப பத்திரமா வெச்சிருக்கீங்க சார்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதற்கு முன்னால் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படி இல்லை. பெட்டி வகுப்பிலேயே இருந்தது. பிள்ளைகள் எடுப்பார்கள், வைப்பார்கள். ஒரு நாள் ஆய்வுக்கு வந்தவர் வில்லைகளை எண்ணச் சொன்னார். பதிவேட்டில் 100, கையில் 98. இரண்டு எங்கே என்பதற்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். தலைமையாசிரியர் கைக்காசைப் போட்டு ஈடு செய்தார். அந்த 98 வில்லைகளை வைத்துப் பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்று வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பெட்டி பீரோவுக்குள் போனது. பூட்டியவன் நான்தான். காணாமல்போன இரண்டில் ஒன்று சில மாதம் கழித்து ஒரு பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடைத்தது. தாயம் ஆடக் காய் இல்லை என்று எடுத்துப் போயிருக்கிறான். தாயமும் கணக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

பெட்டியைப் பூட்டிய பிறகு வேறு வழியில்லாமல்தான் புளியங்கொட்டைக்கு வந்தேன். நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. புளி உடைக்கும் பருவத்தில் ஒரு வீட்டில் கேட்டால் ஒரு படி கொட்டை தருவார்கள். சத்துணவுக் கூடத்தில் காலி முட்டை அட்டைகள் கிடந்தன. முப்பது குழி, ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து.

ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆகவே ஐந்தில் இரண்டு என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். முன்பென்றால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, பகுதிகளைச் சமமாக்கும் விதியை நான்காவது முறையாகச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒரு முட்டை அட்டையை அவள் முன்னால் வைத்து, பாதிக் குழிகளில் புளியங்கொட்டை போடச் சொன்னேன். மூன்று வரிசை, பதினைந்து கொட்டை. இன்னொரு அட்டையில் அவள் எழுதிய விடையைப் போடச் சொன்னேன். ஐந்தில் ஒன்று என்றால் ஆறு, ஐந்தில் இரண்டு என்றால் பன்னிரண்டு. போட்டு முடித்தவள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “சார், கூட்டுனா எப்படிக் கம்மியாகும்?” என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. முதல் அட்டைக்குத் திரும்பி, மூன்றில் ஒன்றுக்கு வேப்பங்கொட்டையை இரண்டு வரிசை போட்டாள். ஐந்து வரிசை நிரம்பிவிட்டது, ஒரு வரிசை காலி. ஆறில் ஐந்து. விதியை நான் சொல்லவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுத மாட்டேன். அடுத்து அரையும் காலும் கேட்டேன். முப்பதில் கால் என்றால் ஏழரை. “கொட்டைய உடைக்கணும் சார்” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டினாள். வரிசைக்கு நான்கு, மூன்று வரிசை, பன்னிரண்டு குழி. அதில் கால் மூன்று, அரை ஆறு, மூன்றில் ஒன்று நான்கு. எல்லாம் உடையாமல் உட்கார்ந்தன. எந்தக் கணக்குக்குக் குறைந்தது எத்தனை குழி அட்டை வேண்டும் என்பதுதான் மீச்சிறு பொது மடங்கு என்று அப்போது கரும்பலகையில் எழுதினேன். என் அனுபவத்தில் மீ.பொ.ம. என்ற சொல்லை ஒரு வகுப்பு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அந்தக் கத்தரிக்கோல். பதிவேட்டில் ஏறிய பொருளாக இருந்திருந்தால் அவள் வெட்டியிருக்க மாட்டாள். நானும் விட்டிருக்க மாட்டேன்.

அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். அங்கே பல பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. “ஒரு வியாபாரி தன்னிடமிருந்த பழங்களில்” என்று கணக்கு தொடங்கினால், தமிழைப் புரிந்துகொள்வதிலேயே அவர்கள் மூச்சு வாங்குவார்கள். கணக்குத் தெரியாது என்று நாம் குறித்து வைப்பதில் எவ்வளவு மொழிச் சிக்கல் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கொட்டையைக் குவித்து “பங்கு போடு” என்று கையால் காட்டினால் மொழி குறுக்கே வராது. வார்த்தை பின்னால் வரட்டும்.

பென்னாகரத்தில் இருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனேன். அவர்களில் இரண்டு மூன்று பேர் பரிசல்காரர் வீட்டுப் பிள்ளைகள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பரிசலின் விளிம்பைச் சுற்றிக் கயிறு ஓட்டினோம். இன்னொரு கயிற்றில் குறுக்களவு எடுத்தோம், சுமார் எட்டு அடி. விளிம்புக் கயிற்றைக் குறுக்குக் கயிற்றால் அளந்தால் மூன்று முறை போய், ஒன்றரைச் சாண் மிச்சம். பரிசல் ஒன்றும் அச்சில் வார்த்த வட்டம் இல்லைதான். ஆனாலும் திரும்பி வந்து வளையல், சோற்றுத் தட்டு, தண்ணீர்க் குடத்தின் வாய் என்று அளந்ததில் எல்லாமே மூன்றும் கொஞ்சமும். “எல்லாத்துக்கும் அதே கொஞ்சம்தானா சார்?” என்று ஒருவன் கேட்டான். பை (π) என்ற எழுத்தை அதற்கப்புறம்தான் எழுதினேன்.

எட்டாம் வகுப்பில் கோலம். ஏழு புள்ளியில் தொடங்கி மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துப் போகும் நேர்ப்புள்ளிக் கோலம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொத்தம் எத்தனை புள்ளி என்றால் எண்ணி இருபத்தைந்து என்பார்கள். எண்ணாமல் சொல்ல முடியுமா? புள்ளிகளை இரண்டு நிறச் சாக்பீஸில் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிறத்தில் நாலுக்கு நாலு சதுரம், அதன் இடைவெளிகளில் அடுத்த நிறத்தில் மூன்றுக்கு மூன்று. பதினாறும் ஒன்பதும். அப்படியானால் ஒன்பது புள்ளிக் கோலத்துக்கு இருபத்தைந்தும் பதினாறும் நாற்பத்தொன்று என்று ஒரு பெண் போட்டுப் பார்க்காமலே சொன்னாள். அவளுக்கு இயற்கணிதத் தேர்வில் எப்போதும் இருபதைத் தாண்டாது. பையன்கள்தான் புள்ளி வைக்கத் தெரியாமல் திணறினார்கள், அது நல்ல மாற்றமாக இருந்தது.

சந்தையில் கணக்குத் தெரிந்தவன் வகுப்பிலும் தானாகத் தேறிவிடுவான் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது பாதிதான் உண்மை. அப்பாவோடு பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகும் ஒரு பையன், நூற்றுக்குப் பத்து கமிஷனை மனக்கணக்காகப் போடுவான். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று கேட்டால் நின்றுவிடுவான். பத்து அவனுக்குப் பழகிப்போன எண், சதவீதம் இன்னும் பழகவில்லை. கையில் எடுத்த பொருளிலிருந்து நோட்டில் வரையும் படத்துக்கும், படத்திலிருந்து குறிகளுக்கும் அவனைக் கூட்டிப்போக வேண்டியது ஆசிரியர் வேலை. கொட்டையைக் கொடுத்துவிட்டுச் செல்போன் பார்க்கிறவர் நடத்துவது செயல்வழிக் கற்றல் ஆகாது.

இன்னொரு ஏமாற்று, கை படாத டி.எல்.எம்., அதாவது கற்பித்தல் துணைக்கருவி. நாளை ஆய்வு என்றால் இன்று இரவு தெர்மாகோல், ஜிகினா, கலர் பேப்பர். காலையில் சுவரில் ஆணியடித்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிடுவோம். நீங்களும் பார்த்துப் பாராட்டி எழுதிவிட்டுப் போவீர்கள். நானே அப்படி ஒரு பிதாகரஸ் செய்து பாராட்டு வாங்கியிருக்கிறேன். அதைத் தொட்டதற்காக ஒரு சின்னப் பையனைத் திட்டியும் இருக்கிறேன்.

அரசு இதற்கெல்லாம் எதிராக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது, அதே ஆண்டு நவம்பரில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் சோதனைகள் செய்து பார்க்க வானவில் மன்றம் வந்தது. மூன்றுமே கையால் செய்து கற்கச் சொல்கிற திட்டங்கள். திட்டம் மாறிய வேகத்துக்கு ஆய்வு செய்யும் விதம் மாறவில்லை என்பதுதான் என் குறை. பாடக்குறிப்பு எழுதியாச்சா, நோட்டு திருத்தியாச்சா, இருப்பு சரியா? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிற ஆசிரியர் தப்பித்துவிடுகிறார்.

அலுவலர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. டி. சுந்தர ராவ் என்பவர் அன்றைய சென்னை மாகாணத்தில் வருவாய்த் துறை அலுவலர், துணை ஆட்சியர் வரை போனவர். காகிதத்தை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று 1893-இல் சென்னையில் ஒரு புத்தகம் போட்டார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துச் சொன்ன பிறகு, 1901-இல் அமெரிக்காவிலும் அச்சானது. ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு நடுவே மனிதர் எப்போது உட்கார்ந்து காகிதம் மடித்தாரோ! பிற்காலத்தில் சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், கையில் கிடைத்த எளிய பொருள்களையும் நாள்காட்டித் தாளையும் வைத்துக் கணக்கு நடத்தியவர். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானது அவருடைய முயற்சியில்தான். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது பழைய காகிதமும் பொறுமையும்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. சாக்பீஸ் தேய்ந்து தீர்ந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வில்லைகளையும் கட்டைகளையும் அதே கணக்கில் சேருங்கள். வருடத்துக்கு இத்தனை உடையும், இத்தனை தொலையும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எந்தப் பள்ளியிலாவது எண்ணிக்கை அச்சாகப் பொருந்தினால், அங்கே விளக்கம் கேளுங்கள்.

அப்புறம், நோட்டைப் புரட்டுகிற பத்து நிமிடத்தில் ஐந்தை எடுத்து ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். மேசைக்கு வரச் சொல்லாமல், அது இருக்கும் இடத்திலேயே. நோட்டில் சரியாகப் போட்டிருக்கும் ஒரு கணக்கைக் காட்டி, “இதை எனக்குக் கொட்டையில் செய்து காட்டு, கண்ணு” என்று கேளுங்கள். வகுப்பு சத்தமாக இருந்தால் உடனே ஆசிரியர் முகத்தைப் பார்க்காதீர்கள். அட்டை வெட்டும் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிடப் பாடவேளை இதற்குப் போதாது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு வேளையைச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு வாய்மொழியாகவாவது அனுமதி கொடுங்கள். ‘போர்ஷன்’ கொஞ்சம் பின்தங்கும். பின்னத்தில் செலவான நேரத்தை அவர்கள் சமன்பாட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நான் ஒப்படைத்துவிட்டு வந்த பெட்டி அதே பீரோவில் கீழ்த்தட்டில்தான் இருக்கும், சாவி தலைமையாசிரியர் மேசையின் இடது இழுப்பறையில். பாலிதீனை முதலில் கிழிக்கும் வேலையை உங்களில் யாராவது செய்தால், அதற்கப்புறம் அங்கே எந்த ஆசிரியரும் பயப்பட மாட்டார். முட்டை அட்டைக்குச் சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொட்டை இந்த வருடம் எங்கள் வீட்டிலேயே இரண்டு படி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாலக்கோடு வட்டாரம்