நூறு அனுப்பினால் ஏன் நூறும் திரும்பி வருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

மறுபடி தோட்டாவாக நிரப்புவதற்காக, சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சீர்செய்து தரச்சொல்லி எங்களுக்கு அனுப்புகிறீர்கள். சில வாரங்களாக ஒரே கேள்வி பலரிடமிருந்து வருகிறது. "நூறு உறை அனுப்பினேன், தொண்ணூற்று மூன்றுதான் வந்திருக்கிறது. மீதி எங்கே?" கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. சீட்டில் அடங்குகிற விஷயமும் இல்லை என்பதால் இந்த மடல்.

சுட்டு முடிந்த ரைபிள் தோட்டாவின் பித்தளை உறை முன்பைவிட நீளமாக இருக்கும். ஏன் நீள்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. இந்த உறைகள் பெரும்பாலும் 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. நன்றாக இழுபடும் உலோகம். சுடும் நொடியில் உறையின் முன்பக்கம் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பாகமோ, அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் இருக்கும் பக்கமாகப் பின்னால் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பித்தளை இழுபட்டு மெலிகிறது. அப்புறம், உறையைப் பழைய அளவுக்கு நெருக்கும் அச்சான சைசிங் டைக்குள் போகும்போது, விரிந்த உடல் நெருக்கப்பட்டு உலோகம், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பக்கமாக நகர்கிறது. டையிலிருந்து வெளியே வரும்போது எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்தை உள்ளிருந்து பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறது.

ஆக, வாயில் நாங்கள் சீவித் தள்ளும் பித்தளை புதிதாக முளைத்ததல்ல. கீழே இருந்த உலோகம்தான் மேலே வந்திருக்கிறது. ஓர் உறையை எத்தனை முறை வெட்ட வேண்டி வந்தது என்பதே அதன் வயதுக் கணக்கு. வெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் உறை புதிதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வாய் சரியாகிவிட்டது, அவ்வளவுதான். மெலிந்த சுவர் மெலிந்தபடியே இருக்கும்.

அந்த மெலிவு அடியிலிருந்து சற்று மேலே, கெட்டியான அடிப்பகுதி முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் வரும். முற்றிய நிலையில் வெளியே மினுமினுப்பான ஒரு வளையம் தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. பேப்பர் கிளிப்பை நீட்டி, முனையைக் கூராக்கிக் கொக்கிபோல் வளைத்து, உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலாகச் சுவரைத் தடவிக்கொண்டே வர வேண்டும். பள்ளம் இருந்தால் கொக்கி அங்கே தடுக்கும். தடுக்கிய உறையை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. அடுத்த சூட்டிலோ அதற்கடுத்ததிலோ அது இரண்டாகப் பிரியலாம். அப்படிப் பிரிந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வர வாய்ப்பிருக்கிறது. காணாமல்போன ஏழு உறைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. மற்றவை கழுத்தில் கீறல் விட்டவை.

இனி நீளம். .223 ரெமிங்டன் உறைக்கு அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம், அதாவது 44.70 மி.மீ. நாங்கள் 1.750க்கு வெட்டுகிறோம். .308 வின்செஸ்டருக்கு உச்சவரம்பு 2.015, வெட்டும் அளவு 2.005. அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளி அடுத்தடுத்த சூடுகளில் உறை வளர்வதற்காக விட்டுவைப்பது. வரம்பைத் தாண்டிய உறையின் வாய், அறையில் கழுத்துக்கான இடம் முடியும் விளிம்பில் போய் முட்டும். போல்ட்டை அழுத்தி மூடினால் வாய் உள்பக்கமாக நெரிந்து குண்டைக் கவ்விக்கொள்ளும். குண்டு எளிதாக விடுபட முடியாததால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதில் நாங்களே ஒரு தப்பு செய்திருக்கிறோம். தொடங்கிய காலத்தில், வந்த உறைகளை வந்தபடியே அளந்து, நீளமானவற்றை மட்டும் வெட்டி, கடைசியில் டைக்குள் அழுத்தி சைஸ் செய்தோம். வேலை வேகமாக முடிந்தது. ஒருவர் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்: "பாதி உறைகளுக்கு போல்ட் மூட மாட்டேன் என்கிறது." எடுத்து அளந்தால் எல்லாம் வரம்புக்கு மேல். டைக்குள் போய்த்தான் அவை நீண்டிருந்தன. அன்றிலிருந்து முதலில் சைஸ், பிறகுதான் அளவு. தோளை, அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் சரிவை, தாங்கலாக வைத்து வெட்டும் டிரிம்மர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சைஸ் செய்யாத உறைகளின் தோள் ஆளுக்கு ஓரிடத்தில் நிற்கும், வெட்டும் அளவும் அப்படியே ஆடும்.

வெட்டியதும் வாயில் பிசிறு நிற்கும். உள்ளும் வெளியும் லேசாகச் சீவினால் போதும். கத்திமுனைபோல் ஆகும்வரை சீவுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், கழுத்துக்கு அது நல்லதல்ல.

பிரைமர், அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, விஷயத்தில் ஒன்று. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை, பிரைமரைத் தட்டி எடுப்பது சுலபம். பெர்டான் வகையில் பெரும்பாலும் இரண்டு சிறு துளைகள், நடுவே உறையோடு சேர்ந்த மேடு. டையின் ஊசி அதில் இறங்கினால் ஊசிதான் உடையும். வேடிக்கை என்னவென்றால், பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் பாக்ஸர் பிரைமர் அமெரிக்காவில் வேரூன்றியது, பெர்டான் பிரைமர் ஐரோப்பாவில். பெர்டான் உறைகளை நாங்கள் ஏற்பதில்லை. ராணுவ உறைகளை ஏற்கிறோம். அவற்றில் பிரைமரைச் சுற்றி விளிம்பு நசுக்கப்பட்டிருப்பதால் அதை ரீமரால் எடுக்க நேரம் பிடிக்கும்.

வீட்டிலேயே பளபளப்பாக்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. வைத்திருந்த இடம் குதிரை லாயம். குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், தயாரிப்பின்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சிட்டிக்கை சிட்ரிக் அமிலம், அது போதும். பளபளப்பு இருந்தால்தான் நன்றாகச் சுடும் என்று எதுவும் இல்லை.

இன்னொன்று, சூடேற்றிக் கழுத்தை மென்மையாக்குவது. கழுத்தும் தோளும் மட்டுமே சூடாக வேண்டும். உறைகளை அடுப்பு ஓவனில் மொத்தமாக வைத்து எடுத்ததாக ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். அடிப்பாகம் மென்மையாகிப் போன அந்த உறைகள் அழுத்தத்தைத் தாங்காது. அத்தனையையும் நசுக்கிப் பழைய பித்தளையில் போட வேண்டியதாயிற்று. அவருக்கும் வருத்தம், எங்களுக்கும் வருத்தம்.

பழைய பிரைமர் கரியில் ஈயம் உண்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உறைகளை உருட்டிச் சுத்தம் செய்யும் உலர் டம்ப்ளரைத் திறக்கும்போது வரும் தூசியைச் சுவாசிக்காதீர்கள். சமையலறை மேசையில் இந்த வேலை கூடவே கூடாது.

அடுத்த முறை அனுப்பும்போது பெட்டிக்குள் மூன்று விவரங்கள் எழுதி வையுங்கள்: உறைகள் எத்தனை முறை சுடப்பட்டவை, அதில் எத்தனை முறை வெட்டப்பட்டவை, துப்பாக்கி கையால் இழுக்கும் போல்ட் வகையா தானியங்கியா. கடைசி விவரம் தெரிந்தால்தான் தோளை எவ்வளவு பின்தள்ளுவது என்று முடிவு செய்ய முடியும். போல்ட் வகைக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு போதும். தானியங்கிக்கு மூன்று, நான்கு தேவைப்படும். தேவைக்கு மேல் தள்ளினால், மேலே சொன்ன அந்த வளையத்தை நாமே வரவழைத்தது போலாகும். எத்தனை முறை சுட்டது என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அந்தப் பெட்டியில் ஒவ்வோர் உறைக்குள்ளும் கொக்கி விட்டுப் பார்ப்போம்.

இந்த மாதத்திலிருந்து கழிக்கப்பட்ட உறைகளும் தனிப் பையில், வாயை நசுக்கி, காரணம் எழுதி உங்களுக்கே வந்து சேரும். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து