டிச. 21 மொட்டைமாடி நிழல் அளவு – பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். 21.12.2025 ஞாயிறு, ஆண்டின் மிகக் குறுகிய பகல். சென்னையில் சுமார் 11 மணி 21 நிமிடம்தான். பிள்ளைகளோடு காலை 11.40-க்கு மாடிக்கு வந்துவிடுங்கள். உச்சிப்பொழுது (சூரியன் மிக உயரே வரும் நேரம்) 12.00 அல்ல, 12.07. தாமதமாக வந்தால் பயனில்லை.

1. வீட்டுக்கு ஒன்று: சரியாக 1 மீட்டர் பிவிசி குழாய், சார்ட் பேப்பர், டேப், பென்சில். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு இல்லையா? நூலில் சாவியைக் கட்டினால் போதும்.

2. குழாயைத் தளத்தில் நேரடியாக வைக்காதீர்கள். மழைநீர் போக வாட்டம் விட்டிருப்பார்கள், அளவு தப்பும். பலகை வைத்து மட்டம் பார்த்து, அதன்மேல் சார்ட்டை ஒட்டிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். குழாய் 2 டிகிரி சாய்ந்தாலே 3.5 செ.மீ. வரை பிசகும்.

3. 11.50 முதல் 12.25 வரை 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. நிழல் நுனி ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாகத் தெரியும். மங்கலின் நடுவில் குறியுங்கள். மிகக் குட்டை நிழல் 74 செ.மீ. வர வேண்டும், அது காட்டுவது நேர் வடக்கு.

4. சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது.

"நாளையிலிருந்து சீக்கிரம் விடியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடியாது! ஜனவரி நான்காம் வாரம் வரை விடியல் இன்னும் தள்ளித்தான் போகும். அதைவிட வேகமாக அஸ்தமனம் தள்ளிப்போவதால்தான் பகல் நீள்கிறது.

மறு அளவு ஜன. 18, உச்சி 12.19, நிழல் 67 செ.மீ.-க்குச் சுருங்கியிருக்கும். அதே சார்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வருவோர் வீட்டு எண், பிள்ளைகள் எண்ணிக்கையை வெள்ளி இரவுக்குள் பதிவிடவும். மேகமூட்டமானால் திங்கள் அதே நேரம்.