சந்துக்குள் வந்த ஜீப்புகளுக்கு ஒரு நன்றி மடல்

மலைக்குப் போகும் அக்காமார், தங்கச்சிமார், ஜீப் ஓட்டும் தம்பிமார், அரிசிக்கடை அண்ணாச்சி, மெட்டில் இருக்கும் சேச்சி, எங்கள் சந்துக்காரர்கள் அனைவருக்கும் கம்பத்திலிருந்து இட்லிக் கடைக்காரி எழுதுவது.

கடையை மாற்றி இந்த வாரத்தோடு மூன்று மாதம் ஆகிறது. நேரில் நன்றி சொல்லலாம் என்றால் விடிகாலை நாலரை மணிக்கு நின்று கேட்க யாருக்கு நேரம்? ஜீப் விளக்கு இரண்டு முறை மின்னியதும் நான் பேசி முடிப்பதற்குள் ஓடிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் வாசித்துக் காட்டட்டும்.

வெளியூர்க்காரர்கள் யாராவது வாசித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பகுதியிலிருந்து கேரளத்துக்கு மலையேற மூன்று வழிகள் உண்டு: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. விடிவதற்கு முன்பே மூன்றிலும் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களை எடுக்கவும் பழம் எடுக்கவும் போகிறவர்கள், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். 1956-இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. காய் பறிக்கும் கைகளில் பாதி இந்தப் பக்கமே தங்கிவிட்டன. அந்தக் கைகள் காலையில் தூக்குவாளியை நீட்டும் இடம்தான் என் கடை.

பழைய இடம் உங்களுக்குத் தெரியும். மெட்டுச் சாலைத் திருப்பத்தில், புளியமரத்துக்கு எதிரே, பத்துக்கு எட்டு அடி. 17 வருடம் அங்கே அடுப்பு எரிந்தது. தை மாதம் இடத்துக்காரர் அதை விற்றுவிட்டார். ஒரு மாத அவகாசம் கொடுத்தார். அட்வான்ஸைத் திருப்பித் தருவதில்தான் இழுத்தடித்தார். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது நன்றி மடலாக இருக்காது.

கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்த இடம், இரண்டு தெரு தள்ளி ஒரு முட்டுச் சந்துக்குள். பகல் கடை என்றால் சந்துக்குள் இருந்தாலும் தேடி வருவார்கள். விடிகாலைக் கடை அப்படியல்ல. ஜீப் நிற்கிற இடத்தில் இருந்தால்தான் அது கடை; தள்ளியிருந்தால் வெறும் அடுப்பு. முதல் நாள் 300 இட்லி அவித்தேன். ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது 230 மீதி இருந்தது. தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை. மறுநாள் 100 மட்டும் அவித்தேன். அதிலும் மீதி. அன்று இரவு மாவு ஆட்டும்போது, வீட்டுக்காரரிடம் கிரைண்டரை விற்றுவிடலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மூன்றாம் நாள் நாலே முக்காலுக்கு, சந்துக்குள் வெளிச்சம் வந்தது. நாராயணத்தேவன்பட்டி ஜீப். “இதற்குள் வண்டியைத் திருப்ப முடியாது, பின்னாலேயே எடுக்க வேண்டும்” என்று முணுமுணுத்தபடி தம்பி நிறுத்தினான். பின்பக்கத்திலிருந்து 12 தூக்குவாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. மறுநாள் சுருளிப்பட்டி ஜீப்பும் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஐந்து ஜீப்புகள்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இட்லிக் கடை வாசலில் நிறுத்தாவிட்டால் வேறு ஜீப்பில் ஏறிக்கொள்கிறோம் என்று நாராயணத்தேவன்பட்டி அக்காமார் சொல்லியிருக்கிறார்கள். இத்தனைக்கும் பழைய திருப்பத்தில் புதிதாக ஒரு கடை திறந்திருந்தது. அங்கே இட்லி ஒரு ரூபாய் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டும் தம்பிமார் தினமும் இருட்டில் 60 அடி தூரம் பின்னாலேயே வண்டியை எடுக்கிறார்கள். ஒருவனுக்குப் பக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு மாதம் காபி இலவசம் என்றேன். அதில் ஒரு நாளைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

சந்துக்காரர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். நாலரை மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டு மூன்றாவது வீட்டுக் கைக்குழந்தை அலறியது. அந்தப் பெண் சண்டைக்கு வந்திருக்கலாம், வரவில்லை. கதவைத் திறந்து, “ஹாரன் வேண்டாம், விளக்கை மின்னச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் சந்தில் விளக்குத்தான் ஹாரன்.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. கடை போட்ட இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு, புதுப்பட்டிப் பெரியம்மா ஒருவர் சேலையில் மண்ணும் காலில் அட்டை கடித்த ரத்தமுமாக ஜீப்பிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தார். இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை எடுத்துப் பலகை மேல் வைத்தார். காலையில் நான் கட்டிக்கொடுத்த தேங்காய்ச் சட்னி. “முகர்ந்து பார்” என்றார். முகர்ந்தேன். புளித்து நுரைத்திருந்தது. “நான் உப்பைத் தொட்டுத் தின்றுவிட்டேன். கூட வந்தவளுக்கு வயிறு கெட்டுப் பாதி நாள் கூலி போயிற்று” என்றார். கத்தவில்லை. காசும் கேட்கவில்லை.

எனக்கு அன்றுவரை புரியாதிருந்தது இதுதான்: நான் நாலரைக்குக் கொடுப்பதை நீங்கள் நாலரைக்குச் சாப்பிடுவதில்லை. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஏலச்செடிக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். சூட்டோடு கட்டிய தேங்காய் அதுவரை தாங்குமா? அடுத்த நாளிலிருந்து பார்சலுக்குத் தேங்காய்ச் சட்னி கிடையாது. வறுத்த கடலையும் பூண்டும் மிளகாயும் புளியும் சேர்த்து, தண்ணீர் படாமல் அரைத்த கெட்டித் துவையல்தான். ஊரில் பலர் என்னிடம் கேட்டு வாங்குவது அதைத்தான். அதைக் கண்டுபிடித்தது நானல்ல, அந்தப் பெரியம்மாவின் இடுப்பு முடிச்சு. அவர் பையைத் தூக்கிக் காட்டில் எறிந்துவிட்டு மறுநாளே வேறு கடைக்குப் போயிருக்கலாம். கெட்டுப்போனதை நாள் முழுக்கச் சுமந்து மலையிறங்கி வந்து காட்டினார். இன்று அவர் இல்லை. அவர் பேத்தி வருகிறாள்.

இனி கடன் விவகாரம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லை அடைபட்டபோது என் பற்று நோட்டில் 23,400 ரூபாய் நின்றது. சனிக்கிழமைக் கூலியில் கழிப்பதாக வாங்கியவை எல்லாம். கூலியே இல்லாதபோது எதில் கழிப்பது? எனக்கும் பணம் தேவைப்பட்டது. நோட்டை எடுப்பேன், பெயர்களைப் பார்ப்பேன், மூடி வைப்பேன். அரிசிக்கடை அண்ணாச்சிக்கு நான் தர வேண்டியது அதைவிட அதிகம். அவர் ஒரு முறைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. கடை மறுபடி திறந்த அன்று இட்லி அரிசியும் உளுந்தும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “பழைய கணக்கு ஓடியா போகப்போகிறது?” என்று சொல்லிப் போய்விட்டார். அவர் என் கழுத்தைப் பிடித்திருந்தால் நான் உங்கள் கழுத்தைப் பிடித்திருப்பேன், சந்தேகமே வேண்டாம். நான் பொறுமைசாலி என்று நீங்கள் சொல்வதெல்லாம் அண்ணாச்சியிடம் கைமாற்றாக வாங்கியது.

அந்த 23,400 வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. சிலர் முருங்கைக்கீரையாகக் கொடுத்தீர்கள், சிலர் புளியாகக் கொடுத்தீர்கள். கூடலூர் தங்கச்சி ஒருத்தி வாரம் 20 ரூபாயாகக் கட்டி முடித்தாள். கடைசி 20-ஐக் கொடுத்த அன்று நோட்டில் தன் பெயரைத் தானே கோடு போட்டு அடித்தாள், அதுவும் இரண்டு கோடு. வராத பணமும் உண்டு. 1,150 ரூபாய். யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இட்லி வாங்க வரலாம், நான் கேட்கமாட்டேன். பழைய திருப்பத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம்.

மெட்டில் தேநீர்க் கடை வைத்திருக்கும் சேச்சிக்கு இதை யாராவது வாசித்துச் சொல்லுங்கள். தினமும் ஜீப்பில் 60 இட்லி அவருக்கு மேலே போகும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் எல்லை அடைபட்டுக் கிடந்தபோது, இரண்டு வாரப் பணம் அவரிடம் நின்றது. இந்தப் பக்கத்தில் சிலர், “மலையாளத்துக்காரியிடம் போன காசு அவ்வளவுதான்” என்றார்கள். பாதை திறந்ததும் மேலிருந்து இறங்கிய ஜீப்பில் என் இரண்டு பெரிய தூக்குவாளிகள் கழுவித் துடைத்து வந்தன. ஒன்றுக்குள் தாளில் மடித்த பணம். எண்ணினால் 60 இட்லிக்கான காசு அதிகம். தொலைபேசியில் கேட்டேன். எல்லை அடைத்த அன்று காலை வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வழியில்லாமல் போயிற்று என்றும், நான் அவித்திருப்பேன் அல்லவா என்றும் சொன்னார். அவித்துத்தான் இருந்தேன்.

2019-இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்வரை ஏலம் போனதாகப் பேசிக்கொண்டார்கள். அந்த வருடமும் நீங்கள் அதே நான்கு இட்லிதான் வாங்கினீர்கள். எனவே உங்களிடம் விலை ஏற்றும்போது எனக்கு வாய் வராது. இதுவரை ஏற்றியபோதெல்லாம் ஒரு வாரம் முன்னதாக, அதுவும் கூலி வாங்கிய சனிக்கிழமையில்தான் சொல்லியிருக்கிறேன். இனியும் அப்படித்தான்.

கடைசியாக, சில பேர் வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், இட்லி சிறுத்துவிட்டது. சாமான் ஏற்றும்போது பழைய கொப்பரைத் தட்டுகள் நசுங்கிவிட்டன. இப்போது அவிப்பது தங்கை வீட்டிலிருந்து வாங்கி வந்த தட்டில், அதன் குழி சிறியது. பழம் எடுப்பு தொடங்குவதற்குள் பழைய அளவுத் தட்டு வாங்கிவிடுவேன். அதுவரை நான்கு வாங்கினால் ஒன்று கூட வைக்கிறேன். வைக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஆள் தெரியாத தூக்குவாளி மூடிகள் 11 என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்தால் நிதானமாகத் தேடி எடுத்துக்கொள்ளலாம். காபி போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
சந்து இட்லிக் கடைக்காரி