உழவர் சந்தையை மாலையிலும் திறந்து வையுங்கள்

எங்கள் ஊர் உழவர் சந்தையை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்கு வந்தேன். விலைப் பலகையில் தக்காளி கிலோ 26 ரூபாய். முந்தின நாள் இரவு தெருமுனைக் கடையில் கால் கிலோ 12 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். கிலோவுக்கு 48 ஆகிறது. பலகை முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மாலையிலும் திறக்கக் கூடாதா என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, "காலையிலேயே வந்து வாங்கிக்கங்கம்மா" என்றார்கள்.

நான் பனியன் கம்பெனியில் தைக்கிறேன். ஏழே காலுக்கு வேன் வந்துவிடும். அதற்குள் சமைத்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, தண்ணீர் பிடிக்க வேண்டும். இரவு திரும்பும்போது உங்கள் கேட் பூட்டிக் கிடக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஞாயிறு வாங்கும் கீரை செவ்வாய்வரை தாங்காது. ஆறு நாளும் கால் கிலோ, நூறு கிராம் என்றுதான் வாங்குகிறேன். அப்படி வாங்கினால் விலை கூடத்தான் செய்யும்.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. விடிகாலையில் மண்டிக்குப் போய், ஆட்டோ வாடகை கொடுத்து, அழுகியதைக் கழித்து, இரவு ஒன்பதுவரை அவர் திறந்து வைக்கிறார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பத்து மணிவாக்கில் விவசாயி ஒருவர் மிஞ்சிய கத்தரிக்காயை மூட்டையோடு ஒரு வியாபாரிக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் ஏறினார். அவருக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்ததே இடைத்தரகர் இல்லாமல் விற்கவும் வாங்கவும்தான். கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். எல்லாம் மக்கள் பணம். காலையில் வர முடியாதவர்கள் அந்த மக்களில் சேர்த்தி இல்லையா? ரேஷன் கடை, பேங்க், தாலுகா ஆபீஸ் எல்லாமே நாங்கள் மிஷினில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அரைநாள் சம்பளம் போகிறது. போனில் ஆர்டர் போடு என்கிறார்கள்; அதற்கும் டெலிவரிக் கட்டணம் வேறு.

விவசாயிகள் இரவில் பறித்து விடியலில் வருகிறார்கள், நாள் முழுக்க உட்கார முடியாது என்பது தெரியும். தினமும் வேண்டாம். செவ்வாய், வெள்ளி மட்டும் ஆறிலிருந்து எட்டரைவரை, வர விருப்பமுள்ள விவசாயிகளுக்கு ஒரு வரிசைக் கடை போதும். சில ஊர்ச் சந்தைகளில் மாலையில் சிறுதானியமும் பருப்பும் விற்க இடம் கொடுத்திருக்கிறார்கள். காய்கறிக்கும் கொடுங்கள்.

தயவுசெய்து மாலையில் திறந்து வையுங்கள். கம்பெனியில் எங்கள் தையல் லைனில் நாற்பது பெண்கள் இருக்கிறோம். திரும்பும் வழியில் சந்தை வாசலில் பத்து நிமிடம் நிறுத்துவதாக வேன் டிரைவர் அண்ணனும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி