டி.எம்.சி. ட்ரம்மில் மெத்தனால்

பெறுநர்: விற்பனை மேலாளர்
பொருள்: சென்ற மாதம் வந்த இரண்டு டைமெத்தில் கார்பனேட் (டி.எம்.சி.) ட்ரம்களைத் திரும்ப எடுப்பது பற்றி

ஐயா,

வணக்கம். எங்கள் பட்டறையில் தேக்குக் கதவுகளுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கிறோம். டொலுயீன் நெடியில் பையன்களுக்குத் தலைவலி என்றுதான் பாலிஷை இளக்கும் தின்னருக்கு டி.எம்.சி. வாங்க ஆரம்பித்தோம். சீக்கிரம் உலரும், பாலிஷை இறுக வைக்கும் ஹார்டனரோடு வம்புக்குப் போகாது. ஆறு மாதமாக ஒரு குறையும் இல்லை.

இந்த முறை 11 கதவுகள் அடித்தோம். மூன்று நாளாகியும் விரல் வைத்தால் ரேகை பதிகிறது. மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்தால் இப்படி ஆகும். பிசினோடு சேர வேண்டிய ஹார்டனரை அது தின்றுவிடும்.

சந்தேகப்பட்டு, அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரியில் 0.97 காட்டியது. நல்ல டி.எம்.சி. அந்தச் சூட்டில் 1.05-க்குக் கீழே இறங்காது; அதைவிட லேசான மெத்தனால் கலந்தால் இறங்கும். ட்ரம்மைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும்: 200 கிலோ சரக்கு ஏறக்குறைய 190 லிட்டர்தான் வரும், மேலே நாலைந்து விரல் இடம் இருக்கும். உங்கள் ட்ரம் மூடிக்குக் கிட்ட வரை நிறைந்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் நண்பர் வடித்துப் பார்த்தார். டி.எம்.சி. கொதிப்பது 90 டிகிரியில். இது 64-லேயே வடிய ஆரம்பித்து, பாதிக்குக் கிட்ட போன பிறகுதான் 90-க்கு ஏறியது.

போனில் உங்கள் ஆள், "வெயிலில் வைத்திருப்பீர்கள், ஈரம் பட்டு உடைந்திருக்கும்" என்றார். தண்ணீர் பட்டால் டி.எம்.சி. மெத்தனாலாக உடையும், சரி. ஆனால் ஹைட்ரோமீட்டர் கணக்குப்படி ஒரு ட்ரம்மில் சுமார் 50 கிலோ மெத்தனால் இருக்கிறது; அவ்வளவு உண்டாக சுமார் 14 லிட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். கூடவே கரியமில வாயுவும் வரும், ட்ரம் உப்பியிருக்கும். நான் சீல் பிரித்தபோது 'புஸ்' என்றுகூடச் சத்தம் வரவில்லை.

புரோப்பிலீன் கார்பனேட் என்ற ரசாயனத்தோடு மெத்தனாலைச் சேர்த்து எடுக்கும் சரக்கு என்று முன்பு அவரே சொன்னதுதான். அந்த முறையில் மிஞ்சும் மெத்தனால் டி.எம்.சி.யோடு ஒட்டிக்கொண்டே வடியும். சாதாரணமாகக் காய்ச்சினால் முழுதாகப் பிரியாது, அழுத்தத்தை மாற்றி இன்னொரு தடவை வடிக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். சோதனைச் சான்றிதழில் மட்டும் 99.9 சதவீதம்!

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது கதவு அல்ல. பையன்கள் இதிலேயே கையைத் துடைத்திருக்கிறார்கள். மெத்தனால் தோல் வழியாகவும் ஏறும், கண்ணைக் கெடுக்கும். லேபிளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு ட்ரம்முக்கும் முழுப் பணம், 11 கதவுகளைத் தேய்த்துத் திரும்ப அடிக்கும் கூலி, இரண்டும் 15 நாளுக்குள் வர வேண்டும். அதே பேட்ச் வேறு யாருக்குப் போயிருக்கிறதோ, அவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். ஒரு லிட்டர் மாதிரியை சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் அவர் முன்னாலேயே ஹைட்ரோமீட்டரைப் போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பாலிஷ் பட்டறை உரிமையாளர்